படிச்சீங்களா, கேள்விப்பட்டீங்களா?

முத்துநகர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு தாண்டியதும் பையிலிருந்து ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவலை எடுத்தேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல். ராத்திரி தலைக்கு வைத்துக்கொள்ளவும் உதவும் என்று நண்பர்கள் கிண்டலடிக்கிற சைஸ். எதிர் சீட்டுப் பெரியவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, கொற்கையா படிக்கிய?”

“ஆமா அண்ணாச்சி. நீங்க படிச்சிருக்கீங்களா?”

“எங்க ஊர்க் கதைல்லா அது! எங்க ஆளுவளப் பத்தித் தப்புத் தப்பா எழுதியிருக்காம்லா.”

“எந்த இடத்துல?”

“அது தெரியாது. சொன்னாவ.”

“சொன்னவங்க படிச்சாங்களா?”

பெரியவர் சிரித்துவிட்டார். “அவியளுக்கும் யாராவது சொல்லியிருப்பாவ.”

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உண்மையில் அவர் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டாரே! நம்மில் எத்தனை பேர் ஒப்புக்கொள்கிறோம்? வாசகர் வட்டக் கூட்டத்தில், புத்தகக் கண்காட்சி வாசலில், ஆபீஸ் கேன்டீனில் ஒரு புத்தகத்தின் பேர் அடிபட்டால், “அது அவ்வளவு ஒண்ணும் இல்லீங்க” என்று உதட்டைப் பிதுக்குகிறோமே, அதில் எத்தனை பிதுக்கல் படித்த பிதுக்கல்?

தூத்துக்குடியில் இதற்குப் பொருத்தமான ஒரு பழைய வழக்கம் உண்டு. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விடுவார்கள். சிப்பியைத் திறக்காமலேயே! உள்ளே முத்து இருந்தால் வாங்கினவனுக்கு யோகம். இல்லையென்றால் நாற்றம்தான் மிச்சம். அந்தச் சூதாட்டத்தில்கூட ஒரு ஒழுங்கு இருந்தது. குளிப்பு தொடங்குவதற்கு முன் கொஞ்சம் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்தின் தரத்தை மதிப்பிடுவார்கள். அந்தக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. திறக்காத சிப்பிக்கு விலை சொல்லும் வழக்கம் மட்டும் கரையேறி, நம் இலக்கியத்துக்குள் வந்துவிட்டது. நாம் சாம்பிள்கூடப் பார்ப்பதில்லை.

இது என்ன பெரிய குற்றமா, பொழுதுபோக்காக நாலு வார்த்தை பேசக்கூடாதா என்று கேட்பீர்கள். பேசலாம். ஆனால் அந்த நாலு வார்த்தை எங்கே போய் முடியும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வெளிவந்தது 2010இல். நாலு வருஷம் அது பாட்டுக்கு இருந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து விநியோகித்தார்கள். முழு நாவலையும் யாரும் கையில் கொடுக்கவில்லை. பக்கங்கள் பரவின, கோபம் பரவியது, கடையடைப்பு வரைக்கும் போனது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டியதாயிற்று. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் மூடி வைக்க உனக்கு உரிமை உண்டு, எழுதியவனை மூடி வைக்க உரிமை இல்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். இதைச் சொல்ல ஒரு உயர் நீதிமன்றம் தேவைப்பட்டது, பாருங்கள்.

அது படிக்காத கூட்டம் செய்த வேலை, நாங்கள் அப்படியில்லை என்று படித்தவர்கள் மார்தட்ட வேண்டாம்.

ஜோ டி குரூஸின் முதல் நாவல் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தது. கட்டுமரத்தில் போய் உயிரைப் பணயம் வைத்துப் பிழைக்கிற பரதவர்களின் வாழ்க்கையை, உவரியில் பிறந்தவரே அவர்கள் பேச்சிலேயே எழுதினார். அதை ஆங்கிலத்தில் கொண்டுவர ஒரு பதிப்பகம் ஏற்பாடு செய்தது. 2014 தேர்தல் நேரத்தில் ஜோ டி குரூஸ் நரேந்திர மோடியை ஆதரித்தார். மொழிபெயர்ப்பாளர் தன் மொழிபெயர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பதிப்பகமும் கைவிட்டது.

அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. உழைத்தவருக்குத் தன் உழைப்பை எங்கே கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை இல்லையா என்ன? ஜோ டி குரூஸின் அரசியலை நீங்கள் நார் நாராகக் கிழிக்கலாம். ஆனால் ஒரு கேள்வி. 2014இல் எழுத்தாளர் யாரை ஆதரித்தார் என்பதால், 2004இல் எழுதிய நாவலில் நடுக்கடலில் தத்தளிக்கிற மீனவன் மாறிவிட்டானா? நாவல் அதே நாவல்தான். மாறியது நாம் படிக்காமலே சொல்லத் துணிந்த அபிப்பிராயம். அந்த நாவல் பிற்பாடு வேறொருவர் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போனது. இடையில் நஷ்டப்பட்டவர்கள் வாசகர்களும் அந்தக் கடற்கரையும்தான்.

அந்தக் கடற்கரைக்கும் புத்தகத்துக்கும் உள்ள உறவு லேசுப்பட்டதல்ல. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் புத்தகங்களில் முதலாவது. வெறும் 16 பக்கம். அதை உருவாக்கிய அண்டிரிக் அடிகளார், தூத்துக்குடி பக்கத்துப் புன்னைக்காயலில் வாழ்ந்து தமிழ் கற்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார். அச்சு வேலைக்குப் பணம் தந்தது ராஜா அல்ல, ஜமீன்தார் அல்ல. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 400 குருசாடோ காசு திரட்டிக் கொடுத்தார்கள். மூச்சைப் பிடித்துக் கடலடிக்குப் போய்ச் சம்பாதித்த காசு! வாசிக்கத் தெரியாதவர்களும் அதில் பங்கு போட்டிருப்பார்கள். ஒருவர் வாசிக்க ஊரே கேட்கும் காலம் அது.

இன்றைக்கு நீங்களும் காசு கொடுக்கிறீர்கள், தெரியுமா? வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. 1948லேயே நூலகச் சட்டம் போட்டு, இந்தியாவுக்கே வழிகாட்டிய மாகாணம் நம்முடையது. காசைக் கட்டிவிட்டு எத்தனை பேர் நூலகத்தில் உறுப்பினராக இருக்கிறோம்? ஓட்டல் பில்லைக் கட்டிவிட்டுச் சாப்பிடாமல் வருகிற புத்திசாலிகள் நாம்தான்.

எதிர்ப்பக்கத்து வியாதியையும் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் நூறு புத்தகம் முடித்தேன் என்று கணக்குக் காட்டுகிறவர்கள். உப்பள முதலாளிகூட மூட்டையை எண்ணுவதோடு உப்பின் தரத்தையும் பார்ப்பார். இவர்களிடம், சரி, நூறில் எது உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது என்று கேளுங்கள். திருதிரு என்று முழிப்பார்கள். அப்புறம் நண்பர்களின் புத்தகத்தை மட்டும் படித்து, எல்லாவற்றையும் உலகத்தரம் என்று சொல்கிற புண்ணியவான்கள். படிக்காமல் திட்டுகிறவனும் படிக்காமல் புகழ்கிறவனும் ஒரே தோணியில்தான் போகிறார்கள்.

பின்னே எப்படித்தான் பகிர்ந்துகொள்வது? தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஒரு சலூன்காரர் வழி காட்டினார். பொன் மாரியப்பன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட வேண்டியிருந்தவர். தன் முடிதிருத்தும் கடைக்குள்ளேயே ஒரு நூலகம் அமைத்தார். காத்திருக்கும் நேரத்தில் புத்தகம் வாசிக்கிற வாடிக்கையாளருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுத்தார். 2020 அக்டோபர் 25 அன்று பிரதமரே வானொலியில் அவரோடு பேசினார். பிடித்த புத்தகம் எது என்ற கேள்விக்கு மாரியப்பன் சொன்ன பதில்: திருக்குறள்.

அந்தக் கடையின் சட்டத்தைக் கவனியுங்கள். முதலில் வாசிப்பு, அப்புறம்தான் சலுகை. நாம் அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். வாசிப்பு பூஜ்யம், கருத்துச் சொல்லும் சலுகை நூறு சதவீதம்!

எல்லாவற்றையும் படிக்க நேரம் ஏது என்கிறீர்களா? வேண்டாம். யாரும் எல்லாவற்றையும் படிக்க முடியாது. நாலு பேர் சொல்வதைக் கேட்டு ஒரு புத்தகத்தை வாங்காமல் விடலாம், தப்பே இல்லை. பணம் உங்களுடையது. ஆனால் வாங்காமல் விடுவது வேறு, அது குப்பை என்று ஊருக்குச் சொல்வது வேறு, அதை யாருமே படிக்கக்கூடாது என்பது முற்றிலும் வேறு. முதலாவதற்குக் கேள்விஞானம் போதும். மற்ற இரண்டுக்கும் போதாது. முழுக்கப் படித்துவிட்டு வந்தால் குப்பை என்று தாராளமாகச் சொல்லுங்கள், காரணத்தோடு. யாரும் படிக்கக்கூடாது என்று மட்டும் அப்போதும் சொல்லாதீர்கள். நீங்கள் படித்துத்தானே முடிவுக்கு வந்தீர்கள்? அந்த உரிமை அடுத்தவருக்கும் வேண்டாமா?

எனவே மூன்றே மூன்று வேண்டுகோள்.

ஒன்று: புத்தகத்தைப் பற்றிப் பேச வாயைத் திறக்கும்போதே, முழுக்கப் படித்தேன், பாதி படித்தேன், கேள்விப்பட்டேன் என்று முதலில் சொல்லிவிடுங்கள். ஒரு வாக்கியம்தான். அவமானம் ஒன்றுமில்லை.

இரண்டு: நல்லது என்றாலும் மோசம் என்றாலும் ஒரு இடத்தைக் காட்டுங்கள். இடத்தைக் காட்ட முடியாத பாராட்டும் வசையும் திறக்காத சிப்பிதான்.

மூன்று: அபிப்பிராயத்தை மட்டும் கொடுக்காதீர்கள், புத்தகத்தையும் கொடுங்கள். திரும்பி வராது என்று பயமா? பத்தில் நாலு வராது. வராத அந்த நாலையும் எங்கேயோ ஒருத்தர் படித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் கதைக்கு வருகிறேன். காலையில் மணியாச்சி தாண்டும்போது கண் விழித்தேன். தலைமாட்டில் வைத்திருந்த புத்தகத்தைக் காணோம். எதிரே பெரியவர், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொற்கையை மடியில் விரித்து வைத்திருந்தார். முப்பது பக்கம் தாண்டியிருப்பார்.

“எப்படி அண்ணாச்சி? தப்பா எழுதியிருக்காரா?”

“இரும் தம்பி, இப்பத்தான ஆரம்பிச்சிருக்கேன்” என்றார், தலை நிமிராமல்.

தூத்துக்குடி வந்தது. புத்தகத்தை அவரிடமே கொடுத்துவிட்டு இறங்கினேன். படித்து முடித்ததும் அவர் என்னைத் திட்டலாம், ஜோ டி குரூஸைத் திட்டலாம். எதுவானாலும் அது அவருடைய சொந்த அபிப்பிராயமாக இருக்கும்.

உங்களுடையது?