சொறிகிறவனைக் குளிக்கச் சொல்லும் கனவான்களுக்கு

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு கிராமம். சென்ற மழைக்காலத்தில் ஒரு விவசாயத் தொழிலாளியின் வீட்டில் இரவு தங்கினேன். வருஷா வருஷம் கீழே இறங்கிக் கரும்பு வெட்டுகிறவர். மனிதர் தூங்கவே இல்லை. சோளத்தட்டையால் முதுகைத் தேய்ப்பதும், திண்ணைத் தூணில் உரசுவதுமாகவே பொழுது விடிந்தது.

"ரெண்டு வருஷமா இப்படித்தான் தோழரே. சொறிமருந்து மூணு தரம் கொடுத்தாங்க, நிக்கல. மலைக்காரங்க குளிக்கிறதில்லே, அதான்னு சொல்லிட்டாங்க."

ஆகா, எப்பேர்ப்பட்ட வைத்தியம்! எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. இந்தப் பதில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மட்டும் சொந்தமானதா என்ன? கூலிக்காரனுக்கு நோய் வந்தால் அவனுடைய அழுக்குதான் காரணம், குடிதான் காரணம்!

அவர் உடம்பில் கொப்புளம் இல்லை. விரலிடுக்கில் புண் இல்லை. சிரங்கானால் ஒரே பாயில் படுக்கும் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு வைத்திருக்குமா? வறண்டு சாம்பல் பூத்த தோலும், நகம் கிழித்த கோடுகளும்தான் இருந்தன. அழைத்துப் போய் ரத்தம் பார்க்கச் செய்தோம். சிறுநீரகம் இரண்டும் பெரும்பாலும் கெட்டுவிட்டன என்றார் டாக்டர்.

கிட்னி கெட்டால் உடம்பு ஏன் அரிக்கிறது? வெளியேற வேண்டிய கழிவுகள் ரத்தத்திலேயே தங்குகின்றன, பாஸ்பரஸ் ஏறுகிறது, வியர்வைச் சுரப்பிகளும் எண்ணெய்ச் சுரப்பிகளும் சுருங்கித் தோல் காய்கிறது, நரம்புகளும் கெடுகின்றன. ரத்தம் குறைந்து முகம் வெளிறுகிறது, சிலருக்குத் தோல் கறுக்கிறது. பல தேசங்களில் டயாலிஸிஸ் செய்துகொள்வோரைக் கணக்கெடுத்தபோது, பத்துப் பேரில் ஏறக்குறைய நாலு பேருக்கு மிதமான அல்லது கடுமையான அரிப்பு இருந்தது. இரவில்தான் அதிகம். தூக்கம் கெட்டவர்கள் சீக்கிரம் சாகவும் செய்கிறார்கள். இதைச் சோப்புக் கட்டி தீர்க்குமா?

அரிப்பெல்லாம் கிட்னி வியாதி என்று யாரும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது சாதாரணச் சொறிதான். ஆனால் மருந்துக்கு அடங்காத அரிப்போடு கால் வீக்கமும், மூச்சிரைப்பும், பசியின்மையும் இருந்தால் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தோல் காட்டிக்கொடுக்கும் நேரத்தில் நோய் முற்றியிருக்கும். ஆரம்பத்தில் ஒரு வலியும் இராது. ரத்தமும் சிறுநீரும் பார்த்தால்தான் தெரியும்.

"சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, வேறென்ன?" என்பார்கள். 2023ல் தமிழ்நாட்டில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்தார்கள். முடிவு 2025ல் வெளிவந்தது. நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் கிட்னி நோய். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சர்க்கரையும் இல்லை, கொதிப்பும் இல்லை! ஆந்திராவின் உத்தானத்திலும், இலங்கையின் அனுராதபுரத்திலும், நிகராகுவாவின் கரும்புத் தோட்டங்களிலும் இதே கதைதான். பூச்சிமருந்தா, தண்ணீரா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் வெயிலில் தண்ணீரின்றி உழைப்பது கிட்னியைத் தாக்குகிறது என்பதில் சந்தேகமில்லை. நிகராகுவாவில் வெட்டுக்காரர்களுக்கு நிழலும் நீரும் இடையிடையே ஓய்வும் கொடுத்தார்கள், பாதிப்பு குறைந்தது.

இங்கே? டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், நிழலில் உட்காரும் ஒவ்வொரு நிமிஷமும் தொழிலாளியின் சோற்றிலிருந்து கழிகிறது. பாய்லர் பக்கம் நிற்கும் மில் தோழருக்கும் இது புரியும். அப்புறம் உடம்புவலிக்கு டைக்குளோபினாக் ஊசி. மிஞ்சிய கிட்னிக்கும் அது எமன்!

2023ல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் பார்க்கும் திட்டத்தைச் சர்க்கார் தொடங்கியது. நல்லதுதான். அது மலைக்கிராமத்துக் கடைசி வீட்டுக்கும் வர வேண்டும். கிரியாட்டினின் சோதனையும் கூட வர வேண்டும். கரும்பு வெட்டப் போகும் ஒவ்வொருவருக்கும் சீசனுக்கு முன்னும் பின்னும் பரிசோதனை வேண்டும், ஆலையின் செலவில். ஓய்வு நேரத்துக்கும் கூலி வேண்டும்.

நம் தோழர் இப்போது வாரம் இருமுறை விடியுமுன் எழுந்து, மலைப்பாதை வழியே போளூர் இறங்கி, அங்கிருந்து திருவண்ணாமலை போய் டயாலிஸிஸ் செய்துகொள்கிறார். தேங்காய் எண்ணெயும், டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்த மாத்திரையும் அரிப்பைப் பாதி குறைத்திருக்கின்றன. டயாலிஸிஸ் இலவசம். பஸ் காசும், போன இரண்டு நாள் கூலியும், துணைக்கு வரும் மனைவியின் கூலியும் யார் கணக்கில்?