நூதனசாலை யாருடையது?

விஞ்ஞான வரலாறென்பது மேதைகள் சிலரின் வரலாறே எனப் பாடநூல்கள் நெடுங்காலமாக உரைத்து வருகின்றன. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று நூதனசாலையைப் பற்றி எழுதுவோரும் இவ்வழக்கத்தினின்று விலகுவதில்லை. 1860 ஜூன் 30 ஆம் நாள் அங்கே கூர்ப்புக் கொள்கை பற்றிப் பேராயர் வில்பபோசும் தோமஸ் ஹக்ஸ்லியும் மோதிய கதையைச் சொல்லி, ஹக்ஸ்லிக்கு வெற்றிவாகை சூட்டியதும் அவர்களது வரலாறு முடிந்துவிடுகின்றது. அவ்விவாதம் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யப்படவில்லை என்பதும், இன்று எடுத்தாளப்படும் வீரவசனங்கள் பெரும்பாலும் பிற்கால நினைவுகளே என்பதும் அவர்களுக்குப் பொருட்டல்ல.

அவ்விவாதத்தின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. திருச்சபையின் பிடியிலிருந்த பல்கலைக்கழகமொன்றில் அத்தகைய குரல் எழுந்தமை பெரிய நிகழ்ச்சியே. ஆயினும், அவர்கள் நின்று வாதிட்ட கட்டடம் எவ்வாறு எழுந்தது?

1855 இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பல்கலைக்கழக அச்சகம் விவிலியம் விற்று ஈட்டிய உபரியிலிருந்து ஏறத்தாழ 30,000 பவுண் அதற்கு ஒதுக்கப்பட்டது. வேதம் விற்ற பணமே டார்வினின் கருத்துக்கு மேடை அமைத்தது! சுவருக்கும் கூரைக்கும் கிடைத்த பணம் சிற்பவேலைக்குப் போதவில்லை. அதற்கு நன்கொடையை நம்ப வேண்டியதாயிற்று.

அயர்லாந்திலிருந்து வந்த ஓஷே சகோதரர்களும் அவர்தம் மருகர் எட்வேட் வீலனும் அங்கு கற்செதுக்கினர். தாவரவியற் பூங்காவிலிருந்து கொண்டுவந்த செடிகொடிகளை முன்வைத்து, இலை இலையாகக் கல்லில் உயிர்ப்பித்தனர். நூலில் உள்ள படத்தைப் பார்த்தன்று, இயற்கையையே நேரிற் பார்த்துக் கற்பதன்றோ விஞ்ஞானம்? அம்முறையை உளி பிடித்த கைகள் அறிந்திருந்தன. பணம் தீர்ந்ததும் அக்கைகள் வெளியேறின. வாயிலில் ஜேம்ஸ் ஓஷே கிளிகளையும் ஆந்தைகளையும் செதுக்கிப் பல்கலைக்கழகப் பேரவையினரை எள்ளினார் என்றும், அவற்றின் தலைகளை வெட்டுமாறு பணிக்கப்பட்டார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், முகப்புச் சாளரங்கள் பல இன்றும் செதுக்கப்படாமலே நிற்கின்றன. உள்ளே அரிஸ்டோட்டில், கலிலியோ, நியூட்டன் முதலியோர் முழுச் சிலைகளாக நிற்கின்றனர்.

அங்குள்ள டோடோப் பறவையின் தலையும் இவ்வாறே பேசுகின்றது. பின்னாளில் நமது கரையோரத்தையும் ஆண்ட ஒல்லாந்தர் 1598 இல் மொறீசியசில் இறங்கினர். நூறாண்டு நிறையுமுன் அவ்வினம் அழிந்தது. வேட்டையோடு, கப்பலில் வந்த எலியும் பன்றியும் அதனை அழித்தன. ஒக்ஸ்போட் டோடோவின் மண்டையோட்டில் ஈயக் குண்டுகள் பதிந்திருப்பதை 2018 இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். அறிவின் சின்னமெனப் பேணப்பட்ட பொருள், துப்பாக்கியின் சாட்சியமுமாயிற்று.

“விஞ்ஞானத்தில் வர்க்கத்தைப் புகுத்தாதீர்” என்று சிலர் நம்மைக் கடிவர். நாம் எதனையும் புகுத்தவில்லை. செதுக்கப்படாத கல்லிலும் குண்டு பாய்ந்த எலும்பிலும் அது முன்னரே எழுதப்பட்டுள்ளது. படிக்க மறுப்பதே பக்கச்சார்பு.

ஹக்ஸ்லியின் துணிவை மாணவர்க்குப் போதிப்போம். அதே பாடவேளையில், அவர் நின்ற தளத்தை இட்டவர் யார், அவரைச் சூழ்ந்த பொருள்கள் எவ்வழி வந்தன என்ற வினாக்களையும் எழுப்புவோம். இவ்வினாக்களை அஞ்சும் கல்வி, டார்வினைப் பாராட்டிக்கொண்டே பேராயரின் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றது.