கடனுக்குப் பிறகுதான் பங்கு!

“சித்தப்பா எழுதிய உயிலில் என்னை ‘எக்ஸிகியூட்டர்’ என்று போட்டிருக்கிறார். அவர் காலமாகி 40 நாள்தான் ஆகிறது. பேங்க் டெபாசிட்டை உடனே பிரித்துக் கொடுங்கள் என்று அவருடைய இரண்டு பையன்களும் தினமும் போன் செய்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காக வாங்கிய கைமாற்று இன்னும் நிற்கிறது. சமையல் அம்மாவுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. நான் என்ன செய்வது?” என்று திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் ஒன்று. தம்பிகள் அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காக ஒரு ரூபாய்கூடப் பிரிக்காதீர்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 உங்களுக்கு அவகாசம் தருகிறது. சித்தப்பா இறந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை, உயிலில் சொன்ன பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. போனில் இதைச் சொல்லுங்கள், பாதிச் சத்தம் அடங்கும்.

எக்ஸிகியூட்டர் என்றால், உயிலை நிறைவேற்றி வைப்பவர். சொத்து சட்டப்படி உங்கள் கைக்கு வருகிறது, ஆனால் உங்களுடையதாக அல்ல. அவருக்கு வர வேண்டிய பணத்தை வசூலிப்பது, கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது, மிச்சத்தை உயில்படி ஒப்படைப்பது உங்கள் வேலை. தேவைப்பட்டால் சொத்தை விற்கவும் அதிகாரம் உண்டு. ஆனால் அதை நீங்களே வாங்கிக்கொண்டால், பங்குள்ள யாராவது ஒருவர் ஆட்சேபித்தாலும் அந்த விற்பனை ரத்தாகலாம். நல்ல விலைதானே கொடுத்தேன் என்ற வாதம் அங்கே எடுபடாது.

பணம் கொடுப்பதற்குச் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. இறுதிச்சடங்குச் செலவும், கடைசி நோயின் வைத்தியச் செலவும் முதலில். அடுத்து, உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்து ‘புரோபேட்’ வாங்கினால் அதற்கான செலவு. மூன்றாவதாக, இறப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் வேலை பார்த்த வீட்டுப் பணியாளர், கூலியாளின் சம்பளப் பாக்கி. ஆக, உங்கள் சமையல் அம்மா இரண்டு பையன்களுக்கு மட்டுமல்ல, கைமாற்று கொடுத்தவருக்கும் முன்னால் நிற்கிறார்! நூறு வருடச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு இது. அந்தப் பணத்தை முதல் வேலையாகக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

பிறகு மற்ற கடன்கள். எல்லாவற்றையும் அடைக்கப் பணம் போதாவிட்டால், வேண்டியவருக்கு முழுசாகவும் மற்றவருக்குப் பாதியாகவும் கொடுக்கக் கூடாது. விகிதப்படிதான் கொடுக்க வேண்டும். நீங்களே சித்தப்பாவுக்குக் கடன் கொடுத்திருந்தாலும் இதே கணக்குதான். வருமான வரி பாக்கியையும் மறக்க வேண்டாம். இதெல்லாம் தீர்ந்த பிறகே தம்பிகளின் பங்கு.

“டெபாசிட்டுக்கு நான்தான் நாமினி” என்று ஒரு தம்பி கிளம்பலாம். பேங்க் நாமினியிடம் பணத்தைக் கொடுக்கும், அது சரி. ஆனால் அதனால் மட்டும் அவர் அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். உயிலில் யாருக்கு எழுதியிருக்கிறதோ அவருக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். நகை, டெபாசிட், வாடகை பாக்கி, கடன் எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். புரோபேட் வாங்கினால் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். வாங்காவிட்டாலும் அந்த நோட்டுதான் உங்களுக்குக் காவல். ஏனென்றால் சொத்தைத் தவறாகச் செலவழித்தாலும், வர வேண்டிய பணத்தை அலட்சியத்தால் வசூலிக்காமல் விட்டாலும், அந்த நஷ்டத்தை உங்கள் சொந்தக் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டி வரும்.

இவ்வளவு பாரம் வேண்டாம் என்று தோன்றுகிறதா? விலகிக்கொள்ளலாம். நீதிபதி முன் வாய்மொழியாகவோ, கையெழுத்திட்ட கடிதம் மூலமாகவோ மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ஒருமுறை மறுத்துவிட்டால், பிறகு மனம் மாறி புரோபேட் கேட்க முடியாது. அதனால் முடிவெடுக்கும் முன் உயிலின் நகலோடு ஒரு வக்கீலைப் பாருங்கள்.