எள்ளலின் எல்லை: ‘ஷோ பீப்பிள்’ மௌனப்படத்தில் நகை

கிங் விடோர் இயக்கி 1928இல் மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனம் வெளியிட்ட ‘ஷோ பீப்பிள்’ என்னும் மௌனப்படம் பெரும்பாலும் ஓர் ஆவணமாகவே மதிக்கப்படுகிறது. சார்லி சாப்ளின், டக்ளஸ் ஃபேர்பாங்ஸ், ஜான் கில்பர்ட் முதலியோர் அதில் தம் சொந்தப் பெயரிலேயே தோன்றுகின்றனர். எனவே, அன்றைய ஹாலிவுட்டைக் காட்டும் சாளரம் என அதனைப் பாராட்டி அமைந்துவிடுவது எளிது. இம்மதிப்பீடு போதாது. நகைச்சுவை தாழ்ந்ததா என்னும் வழக்கே இப்படத்தின் உயிர்நிலை. அவ்வழக்கு திரைக்கு உள்ளே மட்டுமன்றி வெளியேயும் நடந்தது.

கதை எளியது. ஜார்ஜியாவிலிருந்து தந்தையுடன் வரும் பெக்கி பெப்பர், கண்ணீர் வரவழைக்கும் பெருநடிகையாக விழைகிறாள். பில்லி பூன் என்னும் நகைச்சுவை நடிகனின் துணையால் அவளுக்குக் கிடைப்பதோ கோமாளிப் படம். அங்கு அவள்மேல் சோடா நீர் பீய்ச்சப்படுகிறது. பின்னர், ‘உயர்கலை’ எனத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் படநிறுவனத்திற்குச் சென்று, பெயரை மாற்றி, பழைய காதலனையும் மறக்கிறாள்.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கு நான்கு நிலைக்களன் கூறுவது தொல்காப்பியம். பிறரை எள்ளுவதோடு தான் எள்ளப்படுவதும் நகைக்கு இடமாகும் என உரைமரபு விரிக்கும். பெக்கியாக நடித்த மரியன் டேவிஸ், ஒரு காட்சியில் மரியன் டேவிஸாகவே காரிலிருந்து இறங்குகிறார். அவரைக் கண்ட பெக்கி முகம் சுளிக்கிறாள். எள்ளுவோரும் எள்ளப்படுவோரும் ஒருவரே ஆகும் இவ்விடம் படத்தின் உச்சம் எனலாம்.

இதன் கூர்மை டேவிஸின் வாழ்வை அறிந்தோர்க்கே முழுதும் புலனாகும். அவருடைய புரவலரும் துணைவருமான பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட், அவரை ஆடம்பர வரலாற்றுப் படங்களின் நாயகியாகவே காண விரும்பினார். பெக்கி சென்று சேரும் போலி உயர்வு, ஹர்ஸ்ட் டேவிஸுக்கு விரும்பிய உயர்வேயன்றி வேறன்று. மேலும், டேவிஸின் முகத்தில் அப்பம் வீசும் காட்சிக்கு ஹர்ஸ்ட் இசையாமையாலேயே சோடா நீர் புகுந்தது என்பது விடோர் வாயிலாக அறியப்படும் செய்தி. நகை தாழ்ந்ததன்று என வாதிடும் படமே, எந்த முகத்தை எவ்வளவு நகைக்கலாம் என்பதில் செல்வத்தின் ஆணைக்கு அடங்க நேர்ந்தது. ஹாலிவுட் தன்னைத் தானே துணிவுடன் எள்ளிக்கொண்ட படம் என இதனைப் போற்றுவோர் இவ்வெல்லையையும் கணக்கில் கொள்ளல் வேண்டும்.

எனினும், விடோர் தம்மை விலக்கிக்கொள்ளவில்லை. பெக்கி வியந்து நோக்கும் ‘உயர்ந்த’ படமாகத் திரையில் ஓடுவது, அவரே 1926இல் இயக்கிய ‘பார்டெலிஸ் தி மேக்னிஃபிசென்ட்’. அப்படம் பின்னர் மறைந்துபோயிற்று. 2006இல் பிரான்சில் அதன் படி கண்டெடுக்கப்படும்வரை, அது எத்தகையது எனக் காண விழைந்தோர்க்கு இந்நகைச்சுவைப் படத்துள் பொதிந்திருந்த சிறு துண்டே துணையாயிற்று.