பலமான கிளட்ச் மட்டும் போதுமா?

எஞ்சினின் சக்தியைக் கூட்டிவிட்டால் பழைய கிளட்ச் தாங்காது, வழுக்கும். உடனே கடைக்கு ஓடி, கம்பெனி போட்டதைவிட அழுத்தம் மிகுந்த கிளட்ச் ஒன்றை வாங்கி வருகிறார்கள். பணம் தண்ணீராகச் செலவாகிறது. கியர் பெட்டியை இறக்கி ஏற்றுவதற்குள் ஒரு நாள் போய்விடுகிறது. ஆனால், கடைசியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பெடலின் அளவைச் சரிசெய்ய மட்டும் பொறுமை இருப்பதில்லை! பலமான கிளட்ச் பாழாவது பெரும்பாலும் இங்கேதான்.

அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில், நார்மல் என்ற ஊரில் தயாரான மிட்சுபிஷி எக்லிப்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1990-களில் டர்போ எஞ்சினுடன் வந்த இந்தக் காரை வாங்கிய இளைஞர்கள், முதலில் எஞ்சினின் வேகத்தைக் கூட்டினார்கள். அடுத்து கிளட்சை மாற்றினார்கள். அதற்குப் பிறகு வந்த தொல்லைகள் பலவற்றுக்குக் காரணம் புதிய கிளட்ச் அல்ல; அதைப் பழைய அளவிலேயே மிதித்துக்கொண்டிருந்ததுதான்.

எண்ணெய் செய்யும் வேலை

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டு சொன்னார். ஹைட்ராலிக் கிளட்ச் வேலை செய்வது அந்த விதியால்தான். கால் பெடலை அழுத்தினால், பெடலுக்கு முன்னால் உள்ள மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த ஆயில், கியர் பெட்டியருகே உள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளுகிறது. அது நெம்புகோலை அசைக்க, நெம்புகோல் பேரிங்கைத் தள்ள, கிளட்ச் விடுபடுகிறது.

குழாயில் சிறிது காற்று புகுந்தாலும் காரியம் கெட்டது. காற்று சுருங்கும், கால் அழுத்தியதில் ஒரு பங்கு வீணாகும். ஆகவே முதல் வேலை, காற்றை முழுவதும் வெளியேற்றுவது. காற்று இருக்கும்போது பெடலைத் திருகி அளவு பார்ப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அளப்பது போன்றதுதான்.

இரண்டு பக்கமும் ஆபத்து

எக்லிப்ஸ் காரில் பெடலுக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டருக்குள் செல்லும் கம்பியில் ஒரு பூட்டு நட் இருக்கிறது. அதைத் தளர்த்திக் கம்பியைத் திருகினால், கம்பியின் நீளம் கூடும் அல்லது குறையும். இதில் இரண்டு தவறுகள் நேரலாம்.

கம்பி குட்டையாக இருந்தால் கிளட்ச் முழுவதும் விடுபடாது. கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வரும். சில மாதங்களில் கியர் பெட்டியே பழுதாகும்.

கம்பி நீளமாக இருந்தாலோ, அதைவிட மோசம். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் தொட்டிக்குத் திரும்புவதற்கென்று ஒரு சிறு துவாரம் உண்டு. கம்பி நீண்டுவிட்டால் பிஸ்டன் அந்தத் துவாரத்தை எப்போதும் மூடிக்கொண்டிருக்கும். வண்டி ஓடி ஆயில் சூடாகி விரியும்போது அதற்குப் போக்கிடம் இல்லை. அது கிளட்சைத் தானே தள்ளும். ஓட்டுபவர் காலை எடுத்துவிட்டார். ஆனால் கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே இருக்கிறது! புதிய தகடு வழுக்கிக் கருகும். "வாங்கிய சரக்கு மட்டம்" என்று கடைக்காரரின் மீது பழி விழும்.

எஞ்சினுக்கும் கேடு

பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் ஷாப்ட் முன்புறமாகத் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது எஞ்சினுக்குள் உள்ள ஒரு மெல்லிய பேரிங். கிளட்சின் அழுத்தம் கூடினால் அதன் சுமையும் கூடும். அளவு தவறிச் சுமை ஓயாமல் விழுந்தால், அந்தப் பேரிங் தேய்ந்து எஞ்சினே கைவிட்டுப் போகலாம். சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போது கியரை நடுநிலையில் வைத்துக் காலை எடுத்துவிடுவது நல்லது. பெடலின் மீதே காலை வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கத்தையும் விட வேண்டும்.

சோதிப்பது எப்படி?

பெடலை விரலால் மெல்ல அழுத்தினால், எடை தெரியும் முன் சிறிது தூரம் சும்மா அசைய வேண்டும். அந்தந்த வண்டியின் கையேட்டில் இதற்கு அளவு இருக்கும். ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து பெடலை இலேசாக அழுத்தினால், தொடக்கத்தில் ஆயில் சற்று அசைவது தெரியும். துவாரம் திறந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். எஞ்சின் ஓடும்போது பெடலை முழுவதும் மிதித்து, சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் கியர் போட்டால் சத்தம் வரக்கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் போதாது. வண்டியை இருபது நிமிடம் ஓட்டி, சூடான பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் நல்ல பிள்ளையாக இருக்கும் பெடல், சூட்டில் குணம் மாறலாம்.

அளவுக்கு மீறித் திருகி, கிளட்சை அதிக தூரம் தள்ளுவதும் கூடாது. பிரஷர் பிளேட்டின் விரல்கள் கெடும். பிளைவீலைக் கடைந்திருந்தால் பழைய அளவு செல்லாது. புதிதாகவே அளக்க வேண்டும்.

மெக்கானிக்குகள் இந்த அரை மணி வேலைக்குத் தனிக் கூலி கேட்கத் தயங்குகிறார்கள். வண்டிக்காரர்களோ, "நட்டைத் திருகியதற்கா காசு?" என்று முகம் சுளிக்கிறார்கள். இருவருமே மாற வேண்டும். திருகுவதற்கு அல்ல கூலி. எவ்வளவு திருக வேண்டும் என்று தெரிந்ததற்குத்தான் கூலி. அதைக் கேட்பதும் கொடுப்பதும், வாங்கிய கிளட்சையும் எஞ்சினையும் காப்பாற்றும்.