கிண்டியைப் பார்க்காமலே கிண்டிக்கு

பிளஸ்-1 பொதுத்தேர்வு போய்விட்டது. 2025 ஆகஸ்ட் 8-ஆம் தேதி வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதற்கு விடைகொடுத்தது. தனியார் பள்ளிகள் பிளஸ்-1 பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பிளஸ்-2 பாடத்தையே உருவேற்றுகின்றன என்பதால்தான் 2017-18-இல் அந்தத் தேர்வைக் கொண்டுவந்தார்கள். பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடுமோ என்ற விவாதம் இப்போது சூடாக நடக்கிறது. என் கோபம் வேறு. பொதுத்தேர்வு இல்லாத ஓராண்டு அரசுப் பள்ளி மாணவரின் கைக்கு வந்திருக்கிறது. மேற்படிப்புக்கு எந்த இடம் தனக்கு ஒத்துவரும் என்று நேரில் போய்ப் பார்க்க அந்த ஆண்டைக் கொடுக்கலாமே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் மங்களூர் ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிப் பூமி. அங்கே பிளஸ்-2 முடிக்கும் பிள்ளைக்கு வழி இல்லாமல் இல்லை. விருத்தாசலத்தில் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அதே ஊரில், பீங்கான் தொழிலை நம்பி எழுந்த அரசு செராமிக் பயிலகம் இருக்கிறது; அங்கே டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பண்ருட்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கி 2013-இல் அரசு வசம் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம். ஆனால் கட்-ஆஃப் கொஞ்சம் கூடிவிட்டால் வீட்டில், தெருவில், பள்ளியில் எல்லாரும் சொல்வது ஒரே சொல்: மெட்ராஸ்.

2018-க்கு முன்பு அந்த மெட்ராஸைப் பிள்ளை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்தது. 1997-இல் தொடங்கிய பொறியியல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்குக் கிண்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் மாணவருக்கும் துணைக்கு வருபவருக்கும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம். வளாகத்து மரத்தடியில் துண்டை விரித்துக் காத்திருந்த குடும்பங்கள், அந்தக் காத்திருப்பிலேயே இடத்தை எடைபோட்டன. விடுதி எங்கே இருக்கிறது, பிள்ளைகள் என்ன மொழியில் பேசிக்கொள்கிறார்கள், பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதெல்லாம் தெரிந்தது. 2018-இல் கலந்தாய்வு இணையத்துக்குப் போனது. அலைச்சலும் செலவும் மிச்சம் என்பது உண்மை. பார்வையும் அதோடு போயிற்று.

இப்போது விருப்பப் பட்டியல் நெட் சென்டரில் தயாராகிறது. "தம்பி, 178 கட்-ஆஃப்புக்கு மெட்ராஸ்ல எதுப்பா கிடைக்கும்?" என்பார் அப்பா. "சென்னை காலேஜ் எல்லாத்தையும் வரிசையாப் போட்டு விடுறேண்ணே, எது விழுதோ விழட்டும்" என்பார் கடைக்காரத் தம்பி. கையில் போன வருடக் கட்-ஆஃப் பட்டியல். படிக்கப் போகிற பெண் நாற்காலிக்குப் பின்னால் பேசாமல் நிற்கும். வேப்பூர் சந்தையில் ஆடு பிடிக்கிறவர்கூட வாயைப் பிளந்து பல் பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்துத்தான் விலை பேசுகிறார். நான்கு ஆண்டு வாழ்க்கையை மூன்று இலக்க எண்ணை நம்பி ஒப்படைக்கிறோம்.

அரசைக் கேட்டால் 47 என்பார்கள். 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. எந்த மேடையிலும் இந்த எண் தவறாமல் வருகிறது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது சேர்ந்தவர்களின் கணக்கு. வாசலில் நின்று உள்ளே போகிறவர்களை எண்ணிவிட்டு, பின்வாசல் வழியாக எத்தனை பேர் வெளியேறினார்கள் என்று திரும்பிப் பார்க்காத கணக்கு. இரண்டாம் செமஸ்டரில் ஆறு அரியரோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொழுதூரில் பஸ்ஸை விட்டு இறங்கும் பையனும் அந்த ஆண்டின் 47-க்குள்தான் இருக்கிறான்.

வெளியேறியவர்களைக் கணக்கிட வழியே இல்லையா? இருக்கிறது, அதுவும் கைக்கெட்டும் தூரத்தில். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் ஓர் அட்டவணையை நிரப்பித் தர வேண்டும். தன் இணையதளத்திலும் போட வேண்டும். முதலாண்டில் எத்தனை இடம், எத்தனை பேர் சேர்ந்தார்கள், நேரடி இரண்டாம் ஆண்டில் எத்தனை பேர் வந்தார்கள், குறித்த காலத்துக்குள் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுநிலைச் சம்பளம் எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். சேர்ந்தவர்களையும் நேரடி இரண்டாம் ஆண்டில் வந்தவர்களையும் கூட்டி, தேறியவர்களைக் கழித்தால் குறித்த காலத்தில் முடிக்காதவர்கள் எத்தனை பேர் என்று தெரியும்; ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். மாணவர்களில் எத்தனை பேர் பொருளாதாரத்தில் பின்தங்கியவர், எத்தனை பேர் சமூகத்தில் ஒடுக்கப்பட்டவர், எத்தனை பேருக்கு முழுக் கட்டணம் திரும்பக் கிடைத்தது என்பதும் அங்கேயே உண்டு. தன்னைப் போன்றவர்கள் அந்த வளாகத்தில் எத்தனை பேர் என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி கிடையாது. ஆனால் பத்திரிகைகள் தரவரிசையை மட்டும் முதல் பக்கத்தில் போடுகின்றன. 2024-இல் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் அண்ணா பல்கலைக்கழகம் முதலிடம் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்று வகுப்பில் காட்டும் ஆசிரியர் எத்தனை பேர்?

அமெரிக்காவில் 1990-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அரசு உதவி பெறும் மாணவர் படிக்கிற ஒவ்வொரு கல்லூரியும், சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் படிப்பை முடித்தார்கள் என்று வெளியிட்டாக வேண்டும். நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஆறு ஆண்டுவரை கணக்கு. அதை யாரும் ஒரே இணையதளத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வணிகமாகிப்போன கல்வி என்று நாம் ஏசுகிற நாடு, தன் மாணவனுக்கு இந்த மரியாதையைக் கொடுக்கிறது. சமூகநீதி மண் என்று சொல்லிக்கொள்கிற நாம் கொடுக்கவில்லை.

இப்படிப் பேசினாலே, கிராமத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்தி உள்ளூரிலேயே முடக்கப் பார்க்கிறாய் என்று ஒரு கூட்டம் கிளம்பும். இது நகரத்தில் வளர்ந்தவர்களின் கரிசனம். அவர்கள் வீட்டுப் பிள்ளை விண்ணப்பிக்கும் முன்பே அண்ணனோ சித்தப்பாவோ அந்தக் கல்லூரியில் படித்திருப்பார்; எந்தத் துறையில் ஆசிரியர் வகுப்புக்கு வருவார், எந்த விடுதியில் தண்ணீர் வராது என்பதுவரை வீட்டிலேயே தெரியும். அந்தத் தகவலைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் துணிச்சலை மட்டும் தானம் செய்கிறார்கள். இவர்களுக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

2021-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளை பொறியியலுக்குப் போகிறது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. அருமையான சட்டம். பணத் தடை நீங்கிய பிறகும் மீதி நிற்கும் கேள்விகளுக்குத்தான் நேரில் பார்த்தால் விடை கிடைக்கும். அறுபது பேர் வகுப்பில் கைதூக்கித் தமிழில் சந்தேகம் கேட்டால் பதில் வருமா? அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் தொடங்கியது. அதைப் படித்த சீனியர்கள் என்ன சொல்கிறார்கள்? மெஸ் பில் மாதத்துக்கு மாதம் எவ்வளவு ஏறி இறங்குகிறது? வருகைக் குறைவால் தேர்வெழுத முடியாதவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் எவ்வளவு நீளம்? முதல் செமஸ்டர் கணக்கில் தவறியவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா, அல்லது அடுத்த தேர்வுவரை அவர்கள் பாடு அவர்களுக்கா? இந்தக் கேள்விகளை முதல்வர் அறையில் கேட்டால் வாழ்த்துரைதான் கிடைக்கும். விடுதி வாசலில் இரண்டாமாண்டுப் பிள்ளையிடம் கேட்க வேண்டும்.

நான் முதல்வன் திட்டத்தில் பிளஸ்-2 மாணவர்களைக் கல்லூரிக் களப்பயணம் அழைத்துப் போகிறார்கள். அருகிலுள்ள கல்லூரிக்கு, பகல் பொழுதுக்கு, வழிகாட்டி காட்டுகிற கூடங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணம் அது. பட்டியலில் முதலில் எழுதப்போகிற கல்லூரி ஒன்றிலும், வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலும் பிளஸ்-1 விடுமுறையில் ஓர் இரவாவது விடுதியில் தங்கி, மறுநாள் வகுப்பில் உட்கார்ந்து வர வேண்டும். முன்பு கலந்தாய்வுக்குக் கொடுத்த அந்தப் பாதிக் கட்டணச் சலுகையை இதற்குக் கொடுத்தால் போதும். ஊருக்குத் திரும்பியபின் பிள்ளை விருத்தாசலம் என்று எழுதினாலும் சரி, கிண்டி என்று எழுதினாலும் சரி, அது பார்த்து எழுதியதாக இருக்கும்.

கலந்தாய்வுப் பட்டியலில் ஒவ்வொரு கல்லூரிக் குறியீட்டுக்கும் பக்கத்தில் மூன்று எண்களை அரசு அச்சிட வேண்டும்: சேர்ந்தவர், குறித்த காலத்தில் தேறியவர், இடையில் நின்றவர். அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கு அதே மூன்று எண்கள் தனியாக. இந்தக் கணக்கைத் தராத கல்லூரியின் பெயர் விருப்பப் பட்டியலில் இடம்பெறவே கூடாது. தரவரிசையில் முதலிடம் பிடித்த வளாகமாக இருந்தாலும் விதிவிலக்கு வேண்டாம்.