காகிதமும் கலைப்பொருளே

காகிதக் கைவேலை சிறுவரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உளர். இக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஒரே காகிதம் மடிப்போர் கையில் கொக்காகிறது. வெட்டுவோர் கையில் சித்திரமாகிறது. காஷ்மீரக் கைவினைஞரிடம் கூழாகி, வண்ணம் பெற்ற பேழையாகிறது. சீனத்தின் காகித வெட்டுக் கலை 2009-இல் யுனெஸ்கோவின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் இடம் பெற்றது.

நெசவாளருக்கு வியப்பளிப்பது ஜப்பானியரின் 'ஷிஃபு' துணியாகும். 'கோசோ' என்னும் செடியின் உட்பட்டையால் செய்த காகிதத்தை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, முறுக்கி நூலாக்கித் தறியில் ஏற்றுகின்றனர். பயிரிடுவோர், காகிதம் செய்வோர், நெய்வோர் ஆகிய மூவர் உழைப்பும் ஒரே துணியில் கூடுகின்றது.

நம் நாட்டிலும் பருத்தித் துணிக் கழிவிலிருந்து உறுதியான கைக்காகிதம் செய்யப்படுகிறது. அதற்கு மரம் வெட்ட வேண்டுவதில்லை. ஆயினும் சங்கக் கணக்குகளைப் பார்வையிடுங்கால், துண்டுத் துணிகள் எடைக்கு விற்ற சிறு தொகையாய் ஒரே வரியில் முடிந்துவிடுவதைக் காண்கிறோம். நம் விளைபொருளுக்கு நாமே மதிப்பளியாவிடில் பிறர் அளிப்பரோ?

கழிவு முழுவதையும் காகிதமாக்குக என்று நாம் கூறவில்லை. ஒரு பங்கை மட்டும் ஒதுக்கிக் கைக்காகிதமாக்குவோம். அதைக் கொண்டு சேலைப் பெட்டியும் உறையும் செய்ய அங்கத்தினர் இல்லத்துப் பெண்களுக்குப் பயிற்சியும், செய்தவற்றுக்குத் தக்க கூலியும் அளிப்போம். முதலில் சங்கத்தின் தேவைக்கு. வரவு செலவு ஒத்துவரின் பின்னர் சந்தைக்கு. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை ஆராய்வார்களாக.